பிரிக்காத பதினொரு சேலை

கேள்வி:

எனக்கு வயது 48. கோவையில் கணவர், மகளோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். பிறந்த வீடு காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவே ஒரு தோட்டத்தில் உள்ள பழைய தொட்டிக்கட்டு வீடு. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அம்மா போய்ப் பதினாலு மாதம். அண்ணன் திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கிறார். வீட்டை இடித்துவிட்டுத் தை மாதம் புது வீட்டு வேலையைத் தொடங்க வேண்டும் என்கிறார். ஜேசிபிக்குக்கூடச் சொல்லிவிட்டார். "சாமானையெல்லாம் நீயே வந்து பாத்து ஒதுக்கிரு" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஒன்பது ஞாயிற்றுக்கிழமை போய்வந்துவிட்டேன். காலையில் போனால் பொழுதோடதான் திரும்புகிறேன். இதுவரை ஒதுக்கியது இரண்டு சாக்கு. அட்டாலிப் பரணிலிருந்து ஒரு போசிப் பாத்திரத்தை இறக்கினால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறேன். அம்மா கைப்பிடித்துணியாக வைத்திருந்த கந்தலைக்கூடத் தூக்கி எறிய முடியவில்லை. எறிந்தால் அம்மாவையே எறிந்த மாதிரி இருக்கிறது. அப்பா மாடு ஓட்டிய தார்க்குச்சி ஒன்று இருக்கிறது. 1972-ல் கோவைக்கு வண்டி பூட்டிப் போனபோது கையில் இருந்தது என்று சொல்லிச் சொல்லி வைத்திருந்தார். கோவைக்குக் கொண்டுவந்தால் கணவர் "இன்னொரு குப்பையா" என்கிறார்.

போன மாதம் அம்மாவின் பீரோவைத் திறந்தேன். இருபது வருடமாகத் தீபாவளிக்கு நான் எடுத்துக்கொடுத்த சேலைகளில் பதினொன்று கடைப் பையோடு, பிரிக்காமல் அப்படியே இருந்தன. ஒரு கடுகுநிறச் சேலையின் மடிப்பில் நான்கு பழைய ஐந்நூறு ரூபாய்த் தாள். நான் கொடுத்தது எதுவும் அம்மாவுக்குப் பிடிக்கவில்லையா? இனி யாரிடம் கேட்பது? வெள்ளகோவிலில் அப்பாவின் தங்கை ஒருவர்தான் மிச்சம். எனக்கு ஏதாவது மனநோயா? அம்மியை இரண்டாவது மாடிக்குக் கொண்டுவரலாமா?

பதில்:

அம்மணி, சேலையிலிருந்தே தொடங்குகிறேன். அண்ணன், கணவர், அம்மி என்று பலதையும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதம் முழுக்க ஒரே ஒரு இடத்தில்தான் உங்கள் கையெழுத்து மாறுகிறது. "பிடிக்கவில்லையா" என்ற சொல்லை ஒருமுறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பைகளுக்குள் பில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சேலைகளைத் தேதிவாரியாக அடுக்கி, அப்பா தவறிய நாளுக்கு முன்னால் எடுத்தவை, பின்னால் எடுத்தவை என்று இரண்டு கட்டாகப் பிரியுங்கள். கணவன் போன பிறகு வெள்ளைச் சேலை கட்டுகிற வழக்கம் நம் பக்கத்தில் எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு அது நிறையத் தளர்ந்துவிட்டது. ஆனாலும் உங்கள் அம்மாவின் வயதுக்காரர்கள், வெள்ளை கட்டாவிட்டாலும், பளிச்சென்று ஒரு சேலை கட்டி வாசலுக்கு வர யோசிப்பார்கள். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், ஒரம்பரை, சொந்தக்காரர் வீட்டில் யாராவது ஒரு பார்வை பார்த்தால் போதும். அந்த ஐந்து தீபாவளிக்கும் நீங்கள் என்ன நிறம் எடுத்தீர்கள்? "அம்மாவுக்கு இது எடுப்பா இருக்கும்" என்றுதானே எடுத்திருப்பீர்கள். எடுப்பாக இருந்துவிடக் கூடாதே என்பதுதான் அப்போது அவருடைய கவலையாக இருந்திருக்கும்.

முன்னால் எடுத்த கட்டுக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. அதற்கு வேறு சாட்சி வேண்டும், அது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பிரிக்காத சேலை என்கிறீர்கள். அப்புறம் எப்படி அம்மணி அதன் மடிப்புக்குள் நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள் போனது?

2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு அந்தத் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார்கள். அப்படியென்றால் அதற்கு முன்னால் எப்போதோ, அப்பா உயிரோடு இருக்கும்போதே, உங்கள் அம்மா அந்தச் சேலையை எடுத்திருக்கிறார், பிரித்திருக்கிறார், தன் சிறுவாட்டுப் பணத்தை அதற்குள் வைத்து, பழைய மடிப்பிலேயே மடித்து, மறுபடியும் பைக்குள் போட்டிருக்கிறார். வீட்டில் குதிர் இருந்திருக்கும், அடுக்குப்பானை இருந்திருக்கும், அரிசி டிரம் இருந்திருக்கும். அங்கெல்லாம் வைக்காமல் மகள் எடுத்துக்கொடுத்த சேலைக்குள் வைத்தார். இதை வைத்து அவருக்கு அந்தச் சேலை பிடித்திருந்தது என்று நான் தீர்ப்பு எழுத மாட்டேன். வீட்டிலேயே பத்திரமான இடம் என்று அதை நினைத்தார் என்கிற வரைக்கும் சொல்லலாம். மிச்சத்தை வெள்ளகோவில் அத்தையிடம் கேளுங்கள். "எங்கம்மா அந்தச் சேலையப் பத்தி ஏதாச்சும் சொல்லுவாங்களா அத்தை?" என்று கேட்டால் போதும். கட்டாமல் எடுத்து வைத்த சேலையை வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப வைக்கிற அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மா அப்படியா என்பது அத்தைக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாமலும் போகலாம், அதற்கும் மனதைத் தயார்செய்துகொண்டு போங்கள்.

(நான்கு தாளையும் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். 2017-ல் வந்த சட்டப்படி பத்துத் தாளுக்கு மேல் வைத்திருப்பதுதான் குற்றம். அட்டாலியில் இன்னொரு கட்டு அகப்பட்டால் அப்போது யோசிக்கலாம்.)

பாருங்கள், ஒரு பீரோத் தட்டுக்கு எனக்கே இத்தனை பத்தி ஆகிவிட்டது. உங்களுக்கு ஒன்பது ஞாயிறும் நடந்தது இதுதான். உங்களிடம் சோம்பல் இல்லை, மனத்திடக் குறைவும் இல்லை. இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்யப் பார்க்கிறீர்கள். சாமான் ஒதுக்குவது ஒரு வேலை. அம்மாவை நினைத்து அழுவது இன்னொரு வேலை. இரண்டும் வேண்டிய வேலைதான், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டும் அடங்காது. ஒதுக்கும்போது அழுகை வந்து கையைப் பிடிக்கிறது. சரி, உட்கார்ந்து அழலாம் என்றால், இடிக்கிற தேதி நெருங்குகிறதே என்று மனசு எழுப்பிவிடுகிறது. பொழுதோட பஸ் ஏறும்போது இரண்டும் பாதியில் நிற்கிறது.

நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஸ்குட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் எழுதியதை நான் என் ஆலோசனை அறைக்கு வருகிறவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். இழவு கண்டவர்கள் ஒரே நேர்கோட்டில் தேறிவருவதில்லை. ஒருபொழுது இழப்புக்குள் போகிறார்கள், ஒருபொழுது அதைவிட்டு வெளியே வந்து ரேஷன் கார்டில் பெயர் நீக்குகிறார்கள், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார்கள், பிறகு மறுபடியும் உள்ளே போகிறார்கள். இந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியம் என்கிறார்கள் அவர்கள். நம் பெரியவர்களுக்கு இது தெரியாததில்லை. எழவு வீட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கிற அம்மாவே நடுவில் நிறுத்தி, "வந்தவங்களுக்குக் காப்பித்தண்ணி குடுத்தீங்களா" என்று கேட்டுவிட்டுத் தொடர்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாம் சிறுவயதில் அதைப் பார்த்துச் சிரித்திருப்போம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமையை இரண்டாக வெட்டுங்கள். காலை 9 மணியிலிருந்து 12 மணி வரை ஒதுக்குகிற வேலை. கையில் எடுத்த பொருள் ஏதாவது உங்களை உட்காரச் சொன்னால் உட்காராதீர்கள். அதை முன்கூடமான ஆசாரத்தில் விரித்த பாயில் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பாய்க்குப் போங்கள். அப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அழுங்கள், போசியோடு பேசுங்கள், யார் கேட்கப் போகிறார்கள். நான்கு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுங்கள். பாயில் இருப்பதைப் பற்றி அன்றைக்கே முடிவெடுக்க வேண்டாம். போன வாரம் கதறவைத்த பொருள் இந்த வாரம் வெறும் போசியாக இருப்பதை நீங்களே பார்ப்பீர்கள். எல்லாமும் அப்படி ஆகாது. ஆகாததுதான் நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டியது.

எந்த அறையில் தொடங்குவது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பீரோவில் தொடங்காதீர்கள். துணியில் மணம் இருக்கும். கண்ணும் காதும் கொண்டுவருகிற செய்தி மூளையில் ஓர் இடைநிலையத்தைத் தாண்டித்தான் உள்ளே போகும். மணத்துக்கு அந்தச் சோதனைச்சாவடி கிடையாது. உணர்ச்சியையும் நினைவையும் ஆள்கிற பகுதிகளுக்கு நேர்வழியாகப் போய்விடும். அம்மாவின் சேலையில் சாம்பிராணிப் புகையும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசம் வந்த நொடியில் நீங்கள் எட்டு வயசுப் பிள்ளையாகிவிடுவது அதனால்தான். முதலில் மாடு கட்டுகிற கட்டுத்தரை, பிறகு தாவாரம், பிறகு சமையல்கட்டு, கடைசியில் பீரோ. கட்டுத்தரையில் இருக்கிற துருப்பிடித்த தகரத்தையும் அறுந்த கயிற்றையும் ஒதுக்கும்போது ஒரு கை பழகிவிடும்.

என் கதையைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்வது சரியாக இருக்காது. என் அப்பா ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கெழுதியவர். அவர் போனபோது மூன்று சாக்கு நிறையக் கணக்கு நோட்டு. பக்கம் திருப்பினால் மஞ்சள்தூள் உதிரும். எறிய மனசில்லாமல், வைக்க வீட்டில் இடமில்லாமல், ஓர் அறையை வாடகைக்கு எடுத்து அதில் போட்டுப் பூட்டினேன். நான்கு வருடம் வாடகை கொடுத்தேன். அந்த நான்கு வருடத்தில் ஒருநாள்கூடப் போய் ஒரு நோட்டைத் திறந்து பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் வீட்டுக்காரர் கூப்பிட்டுச் சொன்னார், கரையான் ஏறிவிட்டது என்று. போய்ப் பார்த்தேன். மூன்று சாக்கும் மண்ணாகியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை அம்மணி, பெருமூச்சு வந்தது. அடுத்தவருக்கு ஆலோசனை சொல்கிற தொழிலில் இருந்துகொண்டு, நான் எடுக்க வேண்டிய முடிவைக் கரையானிடம் விட்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரே ஒரு நோட்டை அப்போதே எடுத்துத் துடைத்து என் அலமாரியில் வைத்திருக்கலாம்.

உங்களுக்கு ஜேசிபி வரப்போகிறது. கரையானைவிட வேகமானது.

இனி பொருள்களுக்கு வருகிறேன். அறைகளைத் தொடுமுன், ஒதுக்குகிற முதல் ஞாயிறு முழுக்கக் காகிதம். அதில் உணர்ச்சிக்கு இடமில்லை. மூலப்பத்திரம், பட்டா, பழைய சிட்டா அடங்கல் நகல், கிணற்று மோட்டாரின் மின் இணைப்புக் காகிதம், வங்கி, தபால் ஆபீஸ் பாஸ்புக், எல்.ஐ.சி. பத்திரம், நகைக்கடன் ரசீது எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். காலண்டருக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பின்னால், சேலை மடிப்பில், பருப்பு டப்பாவில் தேடாமல் எதையும் வெளியே தள்ளாதீர்கள். பத்து வருடம் கைபடாத வங்கிக் கணக்கில் இருக்கிற பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், ஆனால் வாரிசுகள் எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். அப்பா, அம்மா பெயரில் அப்படி ஏதும் கிடக்கிறதா என்று தேட 2023-லிருந்து ரிசர்வ் வங்கியே உத்கம் என்ற இணையதளம் நடத்துகிறது. உங்கள் மகள் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வாள்.

மொய் நோட்டு அகப்பட்டால் அதை நினைவுப் பொருள் என்று நினைத்துவிடாதீர்கள், அது கடன் கணக்கு. உங்கள் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது அண்ணனுக்கும் உங்களுக்கும் இன்னும் இருபது வருடத்துக்கு வேண்டும். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள், நோட்டு அண்ணன் வீட்டில் இருக்கட்டும்.

பித்தளைச் சாமான்களில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். திருப்பித் திருப்பிப் படியுங்கள். அம்மா பெயர், அம்முச்சி பெயர், ஏதோ ஒரு சீருக்கு வந்த மாமன் பெயர், சிலதில் தேதிகூட இருக்கும். யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் உயிரோடு இருந்தால், அல்லது அவர்கள் பிள்ளைகள் இருந்தால், அந்தச் சாமான் அவர்களுக்குப் போகட்டும். "உங்கப்புச்சி பேரு வெட்டியிருக்குது, வெச்சுக்கறீங்களா" என்று ஒரு குண்டாவை நீட்டினால் வேண்டாம் என்று சொல்கிறவர்களை நான் பார்த்ததில்லை. உங்களுக்கு இரண்டோ மூன்றோ எடுத்து, ஈயம் பூசி, அடுப்பில் ஏற்றுங்கள். ஈயம் போன பித்தளையில் மட்டும் புளிக்குழம்பு வைத்துவிடாதீர்கள். மிச்சத்தை விற்பதில் பாவம் ஒன்றும் இல்லை. வீட்டிலேயே எடைபோட்டு எழுதிவைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பழசைப் போட்டுப் புதுசு எடுக்கிறேன் என்று எவர்சில்வரோடு திரும்பாதீர்கள்.

சேலைக்கு வந்தால், நூல் சேலைகளில் நைந்தவற்றைத் தொட்டில் சேலைக்கு யாரேனும் கேட்கிறார்களா பாருங்கள். நைந்த சேலையின் மெத்து புதுச் சேலைக்கு வராது. பட்டுச் சேலையை நெகிழிப் பையிலிருந்து எடுத்துவிட்டு, அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி, நடுவில் வசம்பு போடுங்கள். ஜரிகைமேல் அந்துருண்டை படக்கூடாது, கறுத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றாவிட்டால் மடிப்பிலேயே கிழியும். அந்தப் பதினொன்றில் கடுகுநிறத்தை மட்டும் எனக்காக விட்டுவையுங்கள், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

போட்டோக்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட பழைய ஸ்டுடியோப் படத்தை உரிக்கவே உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுங்கள். எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வெள்ளகோவிலுக்குப் போங்கள். யார் யாரென்று சொல்ல இன்றைக்கு அந்த ஓர் அத்தைதான் இருக்கிறார். அவர் சொல்லச் சொல்லப் பேனா வேண்டாம், பென்சிலில் படத்தின் பின்னால் எழுதுங்கள், செல்போனில் குரலையும் பதிவுசெய்யுங்கள். சாமான் ஒதுக்குவதில் மற்ற எல்லாமும் ஒரு மாதம் தள்ளிப்போகலாம். இது போகக்கூடாது.

வைத்துக்கொள்ள முடியாததைப் படம் எடுங்கள் என்று சொன்னால் "படம் அந்தப் பொருளாகுமா" என்று கேட்பார்கள். ஆகாது. ஆனால் 2017-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு சுவாரஸ்யமானது. மாணவர் விடுதிகளில் பழைய பொருள்களை நன்கொடை கேட்டார்கள். சில விடுதிகளில் "கொடுங்கள்" என்று மட்டும் எழுதி ஒட்டினார்கள். சிலவற்றில் "நினைவுள்ள பொருளைப் படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள்" என்று ஒட்டினார்கள். இரண்டாவதில் சுமார் 15 விழுக்காடு கூடுதலாகப் பொருள் வந்தது. நாம் பற்றிக்கொண்டிருப்பது பல நேரம் பொருளை இல்லை, அது போனால் நினைவும் போய்விடுமோ என்ற பயத்தைத்தான். அந்தக் கைப்பிடித்துணியை ஒரு படம் எடுத்துவிட்டு, மறுபடி கையில் எடுத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடித்துணியால் எந்த வீடும் நிறைந்துவிடாது. உங்கள் கணவரிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

கடிதங்கள் கிடைக்கும். அப்பா அம்மாவுக்கு எழுதிய இன்லாண்டு லெட்டராக இருக்கலாம். படிக்கலாமா என்பது உங்கள் விருப்பம், ஆனால் ஒதுக்குகிற மூன்று மணி நேரத்துக்குள் படிக்காதீர்கள். பெற்றவர்களைப் பற்றி நாம் அறிய விரும்பாத ஒன்று அதில் இருந்தால், அந்தக் காலி வீட்டில் தனியாக உட்கார்ந்து அதைத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

தார்க்குச்சியைப் பற்றி உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டும். அதைப் பொருள்களின் பட்டியலில் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். மின்கட்டண உயர்வை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டுவண்டிகளைக் கொண்டுபோய்க் கோவைத் தெருக்களை அடைத்து நிறுத்தினார்கள். இன்றைக்கு நம் தோட்டத்து மோட்டார் இலவசமாக ஓடுவதற்குப் பின்னால் அந்த வண்டிகள் இருக்கின்றன. உங்கள் அப்பா அதில் ஒரு வண்டியை ஓட்டியிருக்கிறார். எத்தனை மணிக்குக் கிளம்பினார், எந்த வழியாகப் போனார், மாட்டுக்கு எங்கே தண்ணி காட்டினார், எத்தனை நாள் கழித்து வீடு வந்தார், உங்கள் மகளுக்குத் தெரியுமா? குச்சி உங்கள் வரவேற்பறை மூலையில் கதையில்லாமல் நின்றால் உங்கள் கணவர் சொல்வது சரிதான், அது குப்பை. உங்களுக்கு நினைவிருக்கிறவரை இரண்டு பக்கம் எழுதி, அந்தக் குச்சியோடு சேர்த்து வையுங்கள். அண்ணனுக்குத் தெரிந்தது வேறாக இருக்கும், அவரையும் சொல்லச் சொல்லுங்கள்.

அண்ணனைப் பற்றி. அவர் கல்மனசுக்காரர் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரிகளுக்கு நடுவில் இருக்கிறது. சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு அவர் அந்த வீட்டுக்குள் எத்தனை முறை வந்தார்? ஒருமுறைகூட வரவில்லை என்றால் அவருக்கு அக்கறை இல்லை என்று நினைக்காதீர்கள். ஜேசிபி வைத்து ஒரேயடியாக முடித்துவிட வேண்டும் என்கிற அவசரத்தில் பல ஆண்கள் ஒளித்துவைப்பது, அட்டாலியில் ஏறி ஒரு போசியை இறக்க முடியாத பயத்தைத்தான். ஒரு ஞாயிறு அவரை மட்டும் வரச் சொல்லுங்கள். உங்கள் கணவரும் வேண்டாம், உங்கள் நங்கை, அதாவது அண்ணியும் வேண்டாம், பிள்ளைகளும் வேண்டாம். ஆளுக்கொரு பொருளாக மாறி மாறி எடுங்கள். இருவருக்கும் ஒரே பொருள் வேண்டுமென்றால் அதை அத்தை வீட்டில் வைத்துவிடுங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். வாசல் நிலைச்சட்டத்தையும் கதவையும் புது வீட்டில் எங்காவது பொருத்த முடியுமா என்று அன்றைக்கே கேளுங்கள். இடிக்கிற அன்றைக்குக் கேட்டால் அது சண்டையாகத்தான் முடியும்.

இன்னொன்று. சாமானைப் பிரிக்கிற நாளில் சொத்தைப் பேசாதீர்கள், சொத்தைப் பேசுகிற நாளில் சாமானை எடுக்காதீர்கள். அம்மாவின் நகையும் தோட்டமும் தனிக் கணக்கு. கண்ணீரோடு இருக்கிற நேரத்தில் யார் நீட்டினாலும், பங்கு வேண்டாமென்று எழுதிக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். விட்டுக்கொடுப்பதாக இருந்தாலும் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு, தெளிந்த மனசோடு விட்டுக்கொடுங்கள். உங்கள் அண்ணன் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. போசிக்கு நடந்த சண்டை என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு உள்ளே இருந்தது பங்குச் சண்டை என்பதால் சொல்கிறேன்.

மனநோயா என்று கேட்டீர்கள். பொருள்களைக் குவித்துவைக்கிற கோளாறு என்று ஒன்று உண்டு. 2013-லிருந்து அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் அதற்குத் தனிப்பெயரே இருக்கிறது. அதில் நடக்க இடமில்லாமல், படுக்க இடமில்லாமல் வீடு அடைந்துபோகும், பழைய செய்தித்தாளும் காலிப் பாட்டிலும்கூடப் பிரிய முடியாததாகிவிடும். உங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்திருப்பது சில பொருள்கள்தான். அது நோயில்லை. துக்கம் நீண்டு போவதைப் பற்றியும் 2022-ல் அந்தக் கையேட்டில் சேர்த்தார்கள். ஒரு வருடம் தாண்டியும், அநேகமாகத் தினமும், அம்மா இல்லாமல் தானும் பாதி செத்துவிட்டது போலவும், வாழ்வதில் அர்த்தமில்லை என்றும், இறந்ததையே நம்ப முடியாமலும் வேலை, வீடு எல்லாம் நின்றுபோகிற நிலை அது. உங்கள் கடிதத்தில் அப்படி எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ஞாயிறுதோறும் போய்வருகிறீர்கள், கணவர்மேல் கோபப்படுகிறீர்கள், அம்மியைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். ஆனால் நான் படித்தது ஒரு கடிதத்தைத்தான். வீடு இடிந்த பிறகு தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் போனாலோ, அம்மாவிடமே போய்விடலாம் என்று ஒரு நினைப்பு எட்டிப்பார்த்தாலோ காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை இருக்கிறது. காசு கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

வீடு இடிக்கிற அன்றைக்கு நீங்கள் இருக்க வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள். சிலருக்கு இருந்து பார்த்தால்தான் ஆறும், சிலருக்கு அந்தச் சத்தம் வருடக்கணக்கில் காதில் நிற்கும். நான் உங்களை இருக்கச் சொல்ல மாட்டேன். அதற்கு முந்தைய ஞாயிறு வீட்டைக் கூட்டிப் பெருக்கி, தொட்டி முற்றத்தில் விளக்கு ஏற்றிவைத்துவிட்டு வாருங்கள். மார்கழிக் கடைசியாக இருந்தால் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்து ஓட்டுத் தாழ்வாரத்தில் பொங்கல் காப்புக் கட்டிவிட்டே வாருங்கள். இடியப்போகிற வீட்டுக்குக் காப்பா என்று அண்ணன் சிரித்தால் சிரிக்கட்டும்.

கடுகுநிறச் சேலையைக் கட்டுங்கள். இந்த ஞாயிறே, வெள்ளகோவிலுக்குப் போகும்போது. ரவிக்கைத்துணி அதிலேயே இருக்கும், தைக்க நேரமில்லை என்றால் இருக்கிற கறுப்பு ரவிக்கை போதும். அத்தை அந்தச் சேலையைப் பார்த்ததும் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். நீங்கள் கேள்வியே கேட்க வேண்டியிராது என்பது என் நப்பாசை.

அம்மியைப் பற்றி: இரண்டாவது மாடியில் தாராளமாக வைக்கலாம், அதன் கனத்துக்கு எந்தத் தளமும் ஒன்றும் ஆகாது. லிஃப்டில் ஏற்ற இரண்டு ஆள் பிடியுங்கள், இடுப்பு உங்களுடையது. அடியில் தடித்த சாக்கு விரித்து, சமையல்கட்டு மேடையில் வைக்காமல் தரையில் வையுங்கள். காலை ஆறு மணிக்கு அரைக்க வேண்டாம், கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். ஆட்டுக்கல்லுக்கும் ஆசைப்படுகிறீர்களோ என்று ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. அதை அண்ணனின் புது வீட்டு வாசலில், செடிக்குப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். குழவியை மட்டும் யாரும் தனியாகத் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.